கீழ்வீட்டுக் கூரையில் ஒரு ஈரத் திட்டு

பாத்திரம் கழுவும் மெஷினை எப்படிப் பிரிப்பது, எப்படிப் பூட்டுவது என்றெல்லாம் புதிதாக மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே படத்தோடு இருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்தபோது வாஷிங் மெஷின் வைத்திருக்கும் வீடே தெருவுக்கு ஒன்றுதான். டிஷ்வாஷர் என் கைக்கு வந்தபோது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எத்தனையோ சமையலறைத் தரைகளில் குப்புறப் படுத்திருக்கிறேன். அவற்றில் நசரத்பேட்டையில் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் இன்று சொல்கிறேன். அந்த வீட்டுக்கு ஒரே கசிவுக்காக மூன்று முறை போனேன். முதல் முறை செய்தது சின்னத் தப்பு. இரண்டாவது முறை செய்ததை இன்னும் என்னால் சிரித்துக்கொண்டே சொல்ல முடியவில்லை. மூன்றாவது முறை போனதைச் சொல்லும்போது மட்டும் என் மனைவி, "ஆரம்பிச்சுட்டியா" என்பாள்.

பெங்களூர் ஹைவேயிலிருந்து உள்ளே திரும்பினால் நாலாவது தெருவில் அந்த வீடு. மாடியில் ஜெசிந்தா என்கிற பெண் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தாள். பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் அருள், திருமழிசை தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். ஒரே பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்பு. வார்டில் நாள் முழுக்கக் கை கழுவிக் கழுவி ஜெசிந்தாவின் விரல் இடுக்குகள் வெடித்துப் போயிருந்தன. வீட்டுக்கு வந்தால் பாத்திர சோப்பு வேறு. தோல் டாக்டர் சோப்பைத் தொடவே கூடாது என்று சொன்ன பிறகு அருள் அந்த மெஷினை வாங்கினார். நான் முதல் முறை போனபோது அவள் கை ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு விரலில் மட்டும் பிளாஸ்திரி.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் வேலாயுதம், அவர் மனைவி கன்னியம்மா. அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நெல் விளைந்த இடமெல்லாம் இப்போது வீட்டு மனைகள். அவர் ஹைவே ஓரமாக சிமென்ட், கம்பிக் கடை வைத்திருந்தார். அந்த வீட்டைத் தானே கூட நின்று கட்டியவர். முதல் நாளே என்னிடம் சொன்னார், "தளம் போட்டு இருபத்தோரு நாள் தண்ணி ஊத்திகீறேன் சார். எம் புள்ளைய கூட நான் அவ்ளோ குளிப்பாட்டுனது இல்ல."

அப்படிப்பட்ட தளத்தின் அடியில், அவருடைய சமையலறைக் கூரையில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரத் திட்டு. அதிலிருந்து அவ்வப்போது சொட்டு. நேர் மேலே ஜெசிந்தாவின் டிஷ்வாஷர்.

முதல் முறை போனபோது கதவு ரப்பரைப் பார்த்தேன். ஒரு மூலையில் இறுகிப் போயிருந்தது. மாற்றினேன். மெஷினைக் காலியாக ஓடவிட்டேன். தரை காய்ந்திருந்தது. "கசிவு சரி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். ரப்பர் இறுகியிருந்தது உண்மை. கசிவுக்கு அதுதான் காரணம் என்பது என் ஊகம். இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுவீர்கள். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கினால் அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

பத்து நாளில் மறுபடி அழைப்பு. இந்த முறை முழு புரோகிராமையும் ஓடவிட்டு, மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு துளி இல்லை. தண்ணீர் வரும் குழாய், போகும் குழாய், கீழ்ப் பலகை எல்லாம் தடவிப் பார்த்தேன். எதிலும் ஈரம் இல்லை. வேலாயுதம் மாடிக்கே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றார். என் போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆவடியில் ஒரு வீடு, முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீடு, இரண்டும் காத்திருந்தன.

"அப்போ எங்கேந்து தான் சார் வருது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அதுதான் சரியான பதில். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தவன், யூனிஃபார்ம் போட்டவன், வீட்டுக்காரர் முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று இருந்தது. வாய் வேறு எதையோ சொன்னது.

"மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க. உங்க பில்டிங் பைப்பை ஒருவாட்டி பாத்துடுங்க."

அவர் திரும்பி இறங்கிப் போனார். நான் பையைக் கட்டிக்கொண்டு ஆவடிக்குப் போய்விட்டேன். போகும் வழியில் அதை மறந்தும் போனேன்.

மூன்று வாரம் கழித்து அருள் என் நம்பருக்கே போன் செய்தார். குரலில் மரியாதை இருந்தது, ஆனால் களைத்த மரியாதை.

"சார், நீங்க சொன்னீங்கன்னு ஓனர் அண்ணன் செவுத்த உடைச்சுப் பைப்பு எல்லாத்தையும் மாத்திட்டாரு. மூணு நாள் வேலை. டைல்ஸ் எல்லாம் போச்சு. மறுபடியும் சொட்டுது. இப்ப மெஷின் இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்னு சொல்லிட்டாரு. பாப்பா ஸ்கூல் பக்கத்துல இருக்குன்னுதான் சார் இந்த ஊட்டுக்கே வந்தோம்."

"மெஷினை எடுத்துட்டா?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

"எடுத்துட்டா அவ கை மறுபடியும் பழையபடி ஆயிடும் சார்."

நான் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு மனிதர் தன் கையால் கட்டிய சுவரை உடைத்திருக்கிறார். ஒரு குடும்பம் வீடு மாறப் போகிறது. மெஷினில் கோளாறு இருந்தால் மாற்றிக் கொடுக்கக் கம்பெனி இருக்கிறது. நான் உடைக்க வைத்த சுவருக்கு யாரும் இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக நசரத்பேட்டை. கேட்டைத் திறந்ததும் கன்னியம்மா. கையில் துடைப்பம். என்னைப் பார்த்ததும் பெருக்குவதை நிறுத்தினார்.

"வந்துட்டியா அண்ணாத்தே. வந்து இன்னா ஆவப் போது? ரப்பர மாத்துவ, தரைய மோந்து பாப்ப, பூடுவ."

தலையைக் குனிந்துகொண்டு மாடிப்படி ஏறினேன். கோபப்படுகிறவர்கள் முன்னால் நாம் எல்லோரும் செய்வது அதுதானே. "சரிங்க, பாத்துடறேங்க" என்று சொல்லிக்கொண்டே காதை மூடிக்கொள்வோம். முதல் இரண்டு முறையும் நான் அப்படித்தான் அவரைக் கடந்து போயிருந்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "நீ மெஷின பாக்கவே வாணாம். மேல பிரியாணி வாசனை வந்தா நான் வாளிய எடுத்து அடியில வச்சிடறேன். எனக்கு அது பழகிப் பூடுச்சு."

நான் ஏழெட்டுப் படி ஏறியிருப்பேன். நின்றேன். கிண்டல் என்றுதான் முதலில் பட்டது. பிறகு கீழே இறங்கி வந்தேன்.

"அக்கா, இப்ப சொன்னத இன்னொருவாட்டி சொல்லுங்க."

அவர் கொஞ்சம் பயந்துவிட்டார். சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். துடைப்பத்தை மாற்றிப் பிடித்தார்.

"இல்ல... பிரியாணி செஞ்சா தான் சொட்டுதுன்னு சொன்னேன்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல மெஷின் ஓடுற சத்தம் கேக்கும். சொட்டாது. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போய்ட்டு வந்து சிஸ்டர் பிரியாணி போடுவாங்க. சாப்ட்டுட்டு மெஷின் போடுவாங்க. அப்ப தான் சொட்டும்." அவர் யோசித்தார். "நடுவுல ஒரு புதன்கெழம சொட்டுச்சு."

"புதன்கிழமை பிரியாணி இல்லையே?"

"இருந்துச்சே. பாப்பா பொறந்தநாளு. எங்களுக்கும் ஒரு டப்பா குடுத்தாங்க."

இரண்டு மாதமாக அந்த அம்மா யாரிடம் சொன்னாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். புருஷனிடம் சொன்னார், குறை சொல்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. மேல்வீட்டில் சொன்னார், குத்திக்காட்டுகிறார் என்று அவர்கள் வருத்தப்பட்டார்கள். என்னிடம் சொன்னார், நான் படியேறிக்கொண்டிருந்தேன்.

இரண்டிரண்டு படியாக மேலே போனேன். அன்று ஜெசிந்தாவுக்கு மதிய ஷிஃப்ட். அருளும் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தார்.

"பிரியாணி எதுலம்மா செய்வீங்க?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெக்கானிக் பசியோடு வந்திருக்கிறார் என்று நினைத்திருக்கலாம். ஜெசிந்தா ஒரு பெரிய சட்டியைக் காட்டினாள்.

"இது மெஷினுக்குள்ள போகாதே."

"சட்டிய அவரு வெளிய கழுவிடுவாரு சார். மூடி மட்டும் உள்ள வைப்பேன்."

"மூடியக் காட்டுங்க."

தம் போடுவதற்காகச் சட்டியை மூடும் எவர்சில்வர் தாம்பாளம் அது. அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அகலம்.

"ஞாயித்துக்கிழமை எப்படி வைப்பீங்களோ அப்படியே வைங்க. நான் இருக்கேன்னு பாக்காதீங்க."

அவள் கீழ்க் கம்பித் தட்டை இழுத்து, தாம்பாளத்தை முன்பக்கம், கதவை ஒட்டி வைத்தாள். வேறெங்கும் அது நிற்கவில்லை. மேல்பாகம் உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. கதவை மூடினோம். நான் மெஷினின் அடிப்பலகையைக் கழற்றிவிட்டு, டார்ச்சோடு தரையில் படுத்தேன்.

பத்து நிமிஷம் இருக்கும். உள்ளே தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மாறியது. தகரத்தில் மழை அடிப்பது போல் ஒரு சத்தம். கதவின் அடியோரம், இடது மூலையில், ஒரு பாசிமணி போல ஏதோ மின்னியது. அது நீண்டு, விழுந்து, மெஷினுக்கு அடியிலேயே பின்பக்கமாக ஓடி, சுவரோரம் பைப் இறங்கும் துளையில் போய் மறைந்தது. அந்த இடத்தில் தரை பின்பக்கம் சரிந்திருந்தது. அதனால்தான் முன்னால் உட்கார்ந்து காவல் காத்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வருது" என்றேன்.

கீழேயிருந்து கன்னியம்மாவின் குரல், "இன்னிக்கு வியாழக்கெழம தானே, இன்னாத்துக்கு சொட்டுது?"

ஜெசிந்தா சிரிக்க ஆரம்பித்தாள். அருளும் சிரித்தார். நான் தரையில் படுத்தபடியே சிரித்தேன். கசிவைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் அப்படிச் சந்தோஷப்பட்டோம்.

மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. அடியிலிருந்து மேலே பீய்ச்சும் தண்ணீர், சாய்ந்து நின்ற அந்த அகலமான தாம்பாளத்தில் பட்டுத் திரும்பி, நேராகக் கதவின் அடியோரத்தில் அடித்தது. அங்கே இருக்கும் ரப்பர் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். குழாயைத் திருப்பிவிட்ட மாதிரி அடித்தால் தாங்காது. நான் இரண்டு முறையும் மெஷினைக் காலியாக ஓட்டிப் பார்த்தேன். யார் வீட்டில் காலி மெஷினை ஓட்டுகிறார்கள், சொல்லுங்கள்.

ஜெசிந்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப தப்பு என்னோடதா சார்?"

"இல்லம்மா. மெஷினைக் கொண்டு வந்து வச்சப்போ எங்க ஆளு என்ன காட்டினாரு?"

"ஒரு புத்தகம் குடுத்தாரு. அதுல கண்ணாடி கிளாஸ், முள் கரண்டி எல்லாம் வரிசையா இருந்துச்சு."

"உங்க வீட்ல முள் கரண்டி எத்தனை இருக்கு?"

"ஒண்ணு. பாப்பா நூடுல்ஸ் சாப்பிட."

"அப்ப தப்பு எங்களோடது" என்றேன். தாம்பாளத்தைப் பின்பக்கச் சுவரோரமாக, முகம் உள்ளே பார்க்க நிறுத்துவதற்கு இரண்டு கம்பிகளை மடக்கி இடம் செய்து கொடுத்தேன். மறுபடி ஓட்டினோம். டார்ச் வெளிச்சத்தில் அந்த மூலை காய்ந்தே இருந்தது.

வேலை முடிந்துவிட்டது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அருளும் அப்படித்தான் நினைத்தார். வாசலில் என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னார்.

"சார், கீழ போய் அந்தச் செவுரு விஷயத்தைக் கிளறாதீங்க. மெஷின்ல ஏதோ இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. மறுபடியும் சண்டை வரப் போகுது."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பைக் சாவி கையில் இருந்தது. யாரும் கேட்கப் போவதில்லை. படியிறங்கும் வரை அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கீழே வந்தால் உடைத்துப் பூசிய சுவர் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பூச்சு இன்னும் காயவில்லை. அதில் டைல்ஸ் பதிக்கவில்லை. நான் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலாயுதம் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் சிமென்ட் தூசு. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி செருப்பைக் கழற்றினார்.

எழுந்து நின்றேன். "கசிவு மெஷின்லேர்ந்துதாங்க. ஒரு தாம்பாளத்தை வச்ச விதத்துல தண்ணி கதவுல அடிச்சிருக்கு. கண்டுபிடிச்சாச்சு. உங்க பைப்ல அன்னிக்கும் தப்பு இல்ல. அன்னிக்கு எனக்குக் காரணம் தெரியல. தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டு உங்க பைப்பைச் சொல்லிட்டேன். நீங்க செவுத்த உடைச்சது என்னாலதான். மன்னிச்சுக்கோங்க."

அவர் என்னையே பார்த்தார். அருள் படியில் பாதியில் நின்றுவிட்டார். கன்னியம்மா கரண்டியோடு வந்து நின்றார். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன்.

"பைப்புல தப்பில்ல," என்றார் அவர்.

"இல்லீங்க."

"தளத்துல?"

"தளத்துல எதுவும் இல்லீங்க. பைப் இறங்குற துளை வழியா வந்த தண்ணி. உங்க காங்கிரீட்ல ஒரு கீறல் கூட இல்ல."

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"மச்சான், நான் தான். கம்பெனி மெக்கானிக்கு வந்துகீறாரு. தளத்துல ஒண்ணியும் இல்லியாம். காங்கிரீட்டு கல்லு மாதிரி கீதாம். மெஷின்ல தான் தப்பாம். அவரு வாயாலயே சொல்றாரு. இரு, நீயே கேளு."

போன் என் கைக்கு வந்தது. முகம் தெரியாத அந்த மச்சானிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அது முடிந்ததும் இன்னொருவர். பிறகு அவருக்குக் கம்பி அனுப்பும் ஏஜென்ட். அப்படி நான்கு பேரிடம் என் தப்பை ஒப்புக்கொண்டேன். நான்காவது ஆளிடம் சொல்லும்போது எனக்கே அது சரளமாக வந்தது.

கன்னியம்மாதான் விளக்கினார். "பைப்ப மாத்தியும் சொட்டுச்சா, கடைக்கு வர்றவனெல்லாம் 'இன்னா வேலாயுதம், ஊருக்கே சிமென்ட் குடுக்கிற, உன் ஊடு ஒழுவுதே'ன்னு கேட்டுகினு இருந்தான். இந்த மனுஷன் ஒரு வாரமா கடைய லேட்டா தான் தொறக்குது."

சுவருக்காக அவர் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். சுவர் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கடையில் அவ்வளவு சிமென்ட் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டு போனது அவர் பெயரை. அதை நான் அவர் கையில் திருப்பிக் கொடுத்தது உண்மையைச் சொன்னதால் மட்டும்தான். அருள் சொன்னபடி மழுப்பிவிட்டுப் போயிருந்தால் சொட்டு நின்றிருக்கும். அந்தத் தளத்தின் மேல் அவருக்கு வந்த சந்தேகம் நின்றிருக்காது.

தப்பை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று நாம் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். என் அனுபவத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு. எதிரில் இருப்பவருக்கு எது வலிக்கிறது என்று தெரியாமல் போடுகிற கணக்கு அது. "தெரியல" என்று சொல்வதும் அப்படித்தான். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னை இரண்டு வார்த்தை திட்டியிருப்பார். சுவர் நின்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா போன் செய்தாள். "கோயில் முடிஞ்சு வந்துட்டோம் சார். பிரியாணி ரெடி. நீங்க வந்தாதான் மெஷின் போடுவோம்னு ஓனர் அண்ணன் சொல்லிட்டாரு." லீவு நாளில் வேலைக்குப் போகிறாயா என்று கேட்ட என் மனைவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

பிரியாணியைப் பெரிய டப்பாக்களில் மாற்றி வைத்திருந்தார்கள். ஜெசிந்தா தாம்பாளத்தை நான் காட்டிய இடத்தில் நிறுத்தினாள். பிளாஸ்திரி இல்லாத விரலால் பட்டனை அமுக்கினாள். எல்லோரும் மாடியில் வட்டமாக உட்கார்ந்தோம். கன்னியம்மா என் மனைவிக்கு மெஷினைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வேலாயுதத்தை மட்டும் காணவில்லை.

கீழே போய்ப் பார்த்தேன். சமையலறையில், சரியாக அந்த ஈரத் திட்டுக்கு நேர் கீழே, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பிரியாணித் தட்டு. ஒரு வாய் சாப்பிடுவார், அண்ணாந்து பார்ப்பார்.

"மேல வந்து சாப்பிடலாமே," என்றேன்.

"இருக்கட்டும் சார். விழுந்தா என் தட்டுல விழட்டும்."

நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பாப்பா ஓடும் சத்தமும் கேட்டது. அவர் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். முட்டையைக் கடைசி வரை வைத்திருந்து சாப்பிட்டார். மேலே மெஷின் வேலை முடிந்து மூன்று முறை கூவியது.

அவர் கழுத்தை நிமிர்த்தி ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, எலும்பு மட்டும் கிடந்த தட்டை என்னிடம் நீட்டினார்.

"சிஸ்டராண்ட குடுத்துடு சார். அடுத்த ரவுண்டுல இதையும் போடட்டும்."